முழங்கால் அளவுதானே டாக்டர்

காட்டாற்றை ஒட்டி நடந்து அருவி பார்க்கப் போனவர்கள் அடிபட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தால், "தண்ணீர் எவ்வளவு இருந்தது?" என்று கேட்பேன். பெரும்பாலும் ஒரே பதில்தான்: "முழங்கால் அளவுதானே டாக்டர்." ஆழத்தில் மூழ்கியவர்களைவிட இந்த முழங்கால் அளவுக்காரர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மணிக்கட்டு முறிந்து வருவார்கள், கணுக்கால் வீங்கி வருவார்கள், சிலருக்கு மண்டையில் தையல் போட வேண்டியிருக்கும்.

தேங்கிய தண்ணீரில் முழங்கால் அளவு ஒன்றுமே இல்லை. ஓடுகிற தண்ணீரில் கணக்கு வேறு. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். நாம் சாவகாசமாக நடக்கிற வேகத்தில், அதாவது வினாடிக்கு 1 மீட்டர் என்று ஓடும் நீர், முழங்கால்வரை நனைந்த இரண்டு கால்களையும் தோராயமாக 6 கிலோ எடையளவுக்குத் தள்ளும். வேகம் 2 மீட்டரானால் 24 கிலோ. போதாக்குறைக்கு உடம்பின் எடையில் கொஞ்சத்தைத் தண்ணீரே தாங்கிக்கொள்வதால் பாதத்தின் பிடிப்பும் குறைந்துவிடும். காலுக்கு அடியில் இருப்பதோ பாசி பிடித்த உருண்டைக் கல்.

விழுந்தவுடன் எவருக்கும் எழுந்து நிற்கத்தான் தோன்றும். தயவுசெய்து நிற்காதீர்கள். இரண்டு கற்களுக்கு நடுவே பாதம் சிக்கிக்கொண்டால் நீரோட்டம் உடம்பை முன்னால் சாய்த்து முகத்தைத் தண்ணீருக்குள் அழுத்திவிடும். இடுப்பளவு தண்ணீரில் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் இறந்துபோவது இப்படித்தான். மல்லாந்து படுத்து, நீர் போகிற திசையில் கால்களை நீட்டுங்கள். கால் விரல்கள் தண்ணீருக்கு மேலே உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கைகளால் துழாவிக் கரைப் பக்கம் ஒதுங்குங்கள். பின்புறம் தரையில் இடித்த பிறகு எழுந்தால் போதும்.

ஆனால் அருவியின் தலைப்பகுதியில் இந்த வித்தை எதுவும் பலிக்காது, அதற்கு நேரமே கிடைக்காது. தண்ணீர் பாட்டிலை அலசக் குனிந்தவர் ஒருவரை மேலே இருந்து வழுக்கி விழுந்த நிலையில் கொண்டுவந்தார்கள். பாறையைப் பற்றப் பார்த்த விரல்களில் மூன்று நகங்கள் பிய்ந்திருந்தன. மீதி நகங்களுக்குள் பாசி பச்சையாக அப்பியிருந்தது. பல வருடம் ஆகியும் அந்தக் கை எனக்கு மறக்கவில்லை. 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் அடியைத் தொடும்போது வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். அருவி விழ ஆரம்பிக்கும் இடத்துக்கு மேலே ஆற்றில் கால் நனைக்கவே வேண்டாம் என்று நான் கறாராகச் சொல்வதற்கு அவர்தான் காரணம்.

சரி, ஆற்றைக் கடந்தே ஆக வேண்டிய பாதை என்றால்? போகும்போதே தலை மட்டும் காய்ந்து தெரிகிற ஒரு கல்லைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது அந்தத் தலை நனைந்திருந்தால் அங்கேயே நில்லுங்கள். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மேலே எங்கோ மலையில் மழை கொட்டியிருக்கலாம். தெளிந்த நீர் கலங்குவது, சருகும் சுள்ளியும் திடீரென்று மிதந்து வருவது, இரைச்சல் கனப்பது, எல்லாம் அதற்கு முன்னறிவிப்பு. சின்ன ஆறுகள் சில மணி நேரத்தில் வடிந்துவிடுவதும் உண்டு. இருட்டிப்போகும், பசிக்கும், வீட்டில் திட்டுவார்கள். பரவாயில்லை, காத்திருங்கள்.

கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். தொடைத் தசைகள் களைத்திருக்கும், ஈரமான வேரைக் கண் கவனிக்காது. எலும்பு முறிந்ததா, சுளுக்கா என்று பிரித்துப் பார்க்க கனடாவின் ஒட்டாவாவில் மருத்துவர்கள் 1992-இல் வகுத்த விதிகளையே நாங்கள் இன்னும் பயன்படுத்துகிறோம். காட்டில் உங்களுக்கும் அது உதவும்: நாலு எட்டு வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்காலின் பக்கத்தில் துருத்தி நிற்கும் எலும்பு மொழியின் பின்விளிம்பை அழுத்தினால் எலும்பில் வலித்தாலோ எக்ஸ்ரே வேண்டும். நீவிவிடுகிற வேலை வேண்டாம்.

யாரையாவது தண்ணீர் இழுத்துப்போனால் பின்னாலேயே குதிக்காதீர்கள். கயிறோ கம்போ நீட்டுங்கள், மூடிய காலி கேன் கிடைத்தால் எறியுங்கள். வெளியே எடுத்தவருக்கு மூச்சு இல்லையென்றால் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள், வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். நீரில் மூழ்கியவருக்கு முதலில் தேவை காற்று. ஐரோப்பிய வழிகாட்டுதல்படி முதலில் ஐந்து முறை வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், அப்புறம் மார்பில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாறி மாறித் தொடர வேண்டும். கண் விழித்து "நான் நல்லா இருக்கேன்" என்று சொன்னாலும் மருத்துவமனைக்குக் கூட்டி வந்துவிடுங்கள்.

இன்னொரு கூட்டம் பத்து நாள் கழித்து வரும். கடும் காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்காலைத் தொட்டாலே வலி. விலங்குகளின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து தொற்றும் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், ஆரம்பத்திலேயே தெரிந்தால் மாத்திரையில் கேட்கும். ஆனால் அருவிக்குப் போய்வந்ததை அவர்களாகச் சொல்லவே மாட்டார்கள், நாங்கள்தான் துருவித் துருவிக் கேட்க வேண்டும். அண்மையில் வந்தவரும் கடைசியாகத்தான் ஒப்புக்கொண்டார்: "குளிக்கவே இல்லை டாக்டர், சும்மா முழங்கால் அளவு இறங்கினேன்." பேன்ட்டைச் சுருட்டிப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே, கல்லில் உரசிய சிராய்ப்பு பாதி ஆறியிருந்தது.