நொதித்தல்: தேயிலைக்குப் பொருந்தாத சொல், மருந்துக்குப் பொருந்தும் சொல்

தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில், உருட்டிய கொழுந்தைப் பரப்பி வைக்கும் கட்டத்தைப் 'பெர்மன்டிங்', அதாவது நொதித்தல், என்பார்கள். பச்சை போய்ச் செம்பு நிறம் ஏறும், பச்சிலை நெடி மாறி வாசனை வரும். ஆனால் அங்கே நுண்ணுயிருக்கு வேலையே இல்லை. கசங்கிய இலையின் சொந்த நொதியம் ஒட்சிசனோடு சேர்ந்து இலையிலுள்ள பொலிபீனோல் என்ற சேர்மங்களை மாற்றுகிறது, அவ்வளவுதான். அதற்குச் சரியான பெயர் ஒட்சியேற்றம்.

ஆங்கிலச் சொல்லின் வேர், 'கொதித்தல்' என்று பொருள்படும் இலத்தீன் வினையான ஃபெர்வேரே. கித்துள் கள் அடுப்பில்லாமலே நுரைத்துப் பொங்குகிறதே, அந்த மாதிரிப் பொங்கலைப் பார்த்து வந்த பெயர். தமிழ் நொதித்தலுக்கும் நுரைத்தெழுவதுதான் பொருள். வீட்டில் நாம் சொல்வது புளித்தல். மாவுக்கும் தயிருக்கும் அது சரி, நுண்ணுயிரை வளர்த்து மருந்து எடுக்கும் தொட்டிக்குச் சரிவராது.

பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர் நொதித்தலைக் காற்றில்லா வாழ்வு என்றார். இன்றைய தொழிற்சாலையிலோ தொட்டியில் நுண்ணுயிரை வளர்த்துப் பொருள் எடுப்பதெல்லாம் நொதித்தல்தான், காற்றை ஓயாமல் ஊதினாலும்கூட. 1943இல் மண் நுண்ணுயிர் ஆய்வாளர் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுகூடத்தில் அல்பர்ட் ஷாட்ஸ், ஸ்ட்ரெப்டோமைசீஸ் கிரிசியஸ் என்ற மண் பற்றீரியாவிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார். அந்தக் குடும்பத்துக்குக் காற்று இல்லாமல் முடியாது.

இந்தப் பற்றீரியாக்களின் தீனி விஷயம்தான் சுவையானது. நுவரெலியா உருளைக்கிழங்குப் பாத்தியில் யூரியாவை அள்ளிக் கொட்டினால் இலை தழைக்கும், கிழங்கு சிறுக்கும். இங்கேயும் அதே கதை. குளுக்கோசு, அமோனியம், பொசுபேற்று தாராளமாகக் கிடைத்தால் பற்றீரியா உடம்பைப் பெருக்கும், மருந்து செய்யும் மரபணுக்களோ பெரும்பாலும் அடங்கியே இருக்கும். தீனி குறையத் தொடங்கி, வளர்ச்சி தளரும்போதுதான் மருந்து சுரக்கிறது. அதற்காகப் பட்டினி போடவும் கூடாது. மருந்தைக் கட்டவும் காபன் வேண்டுமே! அதனால்தான் நைதரசனை மெதுவாக விடும் சோயா மாவைச் சேர்க்கிறார்கள், சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுகிறார்கள். சில இடங்களில் ஒரே ஒரு உப்பே விளைபொருளை மாற்றிவிடும்: குளோர்டெட்ராசைக்கிளின் என்ற மருந்தைச் செய்யும் பற்றீரியாவுக்குக் குளோரைட்டு கிடைக்காவிட்டால், குளோரின் இல்லாத டெட்ராசைக்கிளின்தான் வரும்.

அப்புறம், அப்படிக் கிடைக்கும் பொருளின் பெயர். 'அன்டிபயோட்டிக்' என்பது 'எதிர்', 'உயிர்' என்ற இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு. 1940களில் வாக்ஸ்மன் அதை இன்றைய பொருளில் நிலைநிறுத்தினார். நம்மிடம் நுண்ணுயிர்க்கொல்லி என்ற சொல் புழங்குகிறது. ஆனால் டெட்ராசைக்கிளின் பெரும்பாலும் கிருமியின் பெருக்கத்தைத்தான் நிறுத்துகிறது, கொல்வதில்லை. என் ஓட்டு நுண்ணுயிரெதிரிக்கே.