ஹெவி மெட்டல்: ‘கன உலோகம்’ வேண்டாம், ‘வல்லிசை’ இருக்கிறது

என் தம்பி குடும்பம் ஏற்காட்டில் இருக்கிறது. தம்பி மகன் சேலத்தில் கல்லூரியில் படிக்கிறான். கல்லூரியின் ஆண்டு மலருக்காக, ‘ஹெவி மெட்டல்’ என்ற அதிரும் கிட்டார் இசைவகையைச் சேர்ந்த பிளாக் சபாத் என்ற ஆங்கிலேய இசைக்குழுவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, பிழை பார்த்துத் தரும்படி என்னிடம் கொடுத்தான். முதல் வரி இது: “மூத்த கன உலோக இசைக்குழுவின் கம்பேக் ஆல்பம் 13.” ‘13’ என்பது ஆல்பத்தின் பெயர். ஒரே வரிக்குள் மூன்று இடங்களில் என் பேனா நின்றுவிட்டது.

“ஹெவி என்றால் கனம், மெட்டல் என்றால் உலோகம். இதில் என்ன பிழை, பெரியப்பா?” என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

‘கன உலோகம்’ தவறான சொல் அன்று. வேதியியலில் அதற்கு உரிய இடம் உண்டு. 1817-இல் ஜெர்மானிய வேதியியலாளர் லியோபோல்ட் குமெலின் தனிமங்களை அலோகம், இலேசான உலோகம், கன உலோகம் என்று மூன்றாகப் பிரித்தார். அடர்த்திதான் அளவுகோல், ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 5 கிராமுக்கு மேற்பட்டவை கன உலோகம். சேலத்துக்காரருக்கு இதைப் புரியவைக்கப் பாடநூல் தேவையில்லை. சேர்வராயன் மலையில் வெட்டியெடுத்த பாக்சைட் தரும் அலுமினியத்தின் அடர்த்தி 2.7. மாமாங்கம் பக்கத்து வெள்ளைக்கல்லில், அதாவது மாக்னசைட்டில், அடங்கியிருக்கும் மக்னீசியத்தின் அடர்த்தி 1.74. இரண்டும் இலேசு. கஞ்சமலைக் காந்தக்கல்லில் உள்ள இரும்பு 7.87, செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளில் கொலுசாகிற வெள்ளி 10.5. இரண்டும் கனம்.

ஆனால் இன்று செய்தித்தாளில் இந்தச் சொல் எங்கே வருகிறது? ஆற்று நீரிலும் நிலத்தடி நீரிலும் ஈயம், குரோமியம், பாதரசம் கலந்திருக்கின்றன என்ற செய்தியில் வருகிறது. ஆலைகள் சூழ்ந்த எங்கள் மாவட்டத்தில் அந்தக் கவலை சொல்லின் மீதே படிந்துவிட்டது. அதை எடுத்து ஒரு கிட்டாருக்குப் பெயராக வைத்தால், வாசகர் மனம் கிட்டாரின் பக்கம் போகாது.

‘மெட்டல்’ என்ற சொல்லின் வேர் கிரேக்க ‘மெட்டல்லோன்’. கிரேக்கத்தில் அதன் முதற்பொருள் சுரங்கம். தோண்டுகிற இடத்தின் பெயர், தோண்டி எடுத்த பொருளுக்கு ஆகிவந்தது. நம் இலக்கணம் இதை இடவாகுபெயர் என்று சொல்லும். தமிழில் வேறு விதம். ஒரு உலோகத்தின் பெயரான ‘பொன்’ எல்லா உலோகங்களுக்கும் பொதுப்பெயராகவும் நின்றது. ஐம்பொன் என்கிறோம், இரும்புக்குக் கரும்பொன் என்றே பெயர் உண்டு. மாழை என்பதும் உலோகத்தைக் குறிக்கும் பழஞ்சொல்தான்.

வேதியியலில் பிறந்த தொடர் இசைக்குள் நேராக வந்துவிடவில்லை. பெரிய பீரங்கிகளையும் அவற்றின் குண்டுகளையும் ‘ஹெவி மெட்டல்’ என்று சொல்லும் வழக்கு ஆங்கிலத்தில் 19-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் பரோஸ் தம் நாவலில் ஒரு பாத்திரத்தின் பட்டப்பெயரில் இதைச் சேர்த்தார். 1968-இல் ஸ்டெப்பன்வுல்ஃப் குழுவின் பாட்டொன்றில் மோட்டார் சைக்கிளின் உறுமல், ‘ஹெவி மெட்டல்’ இடியாக முழங்கியது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க இசைப் பத்திரிகைகளின் விமர்சகர்கள் அதை ஓர் இசைவகைக்குப் பெயராக்கினார்கள். பாட்டுக்கு வந்த வழியில் உலோகம் உவமையாகத்தான் நிற்கிறது. எடை, வேகம், அதிர்வு, அச்சம் ஆகியவைதான் சொல்ல வந்த செய்தி. உவமையைத் தமிழாக்கும்போது அந்தப் பண்பைக் கொண்டுவர வேண்டுமே தவிர, உவமைப் பொருளை அப்படியே இறக்கிவைக்கக் கூடாது.

இருந்தாலும் இந்த இசைக்கும் உலோகத்துக்கும் மெய்யான ஓர் உறவு உண்டு. அதைச் சொல்லாமல் நகர என்னால் முடியவில்லை. பிளாக் சபாத் பிறந்த பர்மிங்காம், வார்ப்பாலைகளும் தகட்டு ஆலைகளும் நிறைந்த ஊர். அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி, 17 வயதில் ஒரு தகட்டு ஆலையில் வேலை பார்த்தார். வேலையை விட்டுக் கிளம்பும் கடைசி நாளில் இயந்திரம் அவருடைய வலக்கை நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளையும் பறித்துவிட்டது. அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர். ஆகவே கிட்டாரின் கழுத்தில் தந்தியை அழுத்தும் கை அந்த வலக்கைதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரல்நுனிக்கு உறை செய்து, தோல் ஒட்டி மாட்டிக்கொண்டார். வலி பொறுக்க மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பிறகு தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். 1971-இல் வந்த மூன்றாவது தொகுப்பில் அந்த இறங்கிய சுருதியின் கனத்தைத் தெளிவாகக் கேட்கலாம். பின்னர் உலகெங்கும் இந்த வகை இசைக்கு அந்த ஆழ்ந்த ஒலியே அடையாளமாயிற்று. விரல் இழந்த பட்டறைத் தொழிலாளர்களை எங்கள் ஊரிலும் பார்த்து வளர்ந்தவன் நான். அயோமியின் கதையை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அதே பர்மிங்காம் வட்டாரத்திலிருந்து வந்த ஜூடாஸ் பிரீஸ்ட் குழு, 1980-இல் தன் தொகுப்புக்கு ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ என்று நாட்டின் உருக்கு நிறுவனத்தின் பெயரையே வைத்தது. உருக்காலை உள்ள ஊரில் வாழ்கிறவர்களுக்கு அதன் பொருள் விளங்கும்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

‘கன உலோக இசை’ என்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம் மரபில் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று கருவிகளைப் பிரிக்கிறோம். தாளம், சேகண்டி போன்ற கஞ்சக்கருவிகளுக்கு வடமொழி வழக்கில் கனவாத்தியம் என்று பெயர். ஆகவே இசை தெரிந்தவர் காதில் ‘கன உலோக இசை’ என்பது தாளக் கருவிகளின் இசையாகத்தான் விழும். ‘கன இசை’ என்று சுருக்கலாமே என்றால், நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ஐந்து கனராகங்கள் ஏற்கெனவே அந்த அடைமொழியைப் பெற்றிருக்கின்றன. ‘மாழை இசை’ எனக்குப் பிடித்த ஒலி. ஆனால் பத்தில் ஒருவருக்குக்கூடப் புரியாது.

விடை தொல்காப்பியத்தில் இருக்கிறது. செய்யுளியல், பாட்டின் ஓசை நடைகளை இருபது வண்ணங்களாக வகுக்கிறது. அவற்றில் இரண்டு: “வல்லிசை வண்ணம் வல்லெழுத்து மிகுமே”, “மெல்லிசை வண்ணம் மெல்லெழுத்து மிகுமே.” க, ச, ட, த, ப, ற மிகுந்து வரும் ஓசை வல்லிசை, ங, ஞ, ண, ந, ம, ன மிகுந்து வருவது மெல்லிசை. இந்த இரட்டையரில் ஒருவருக்கு நல்ல வாழ்வு கிடைத்தது. மெல்லிசை மன்னர் என்றால் யார் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கோவில் திருவிழா என்றால் மேடையில் மெல்லிசைக் கச்சேரி உண்டு. ‘லைட் மியூசிக்’ என்பதற்கு இதைவிட இயல்பான தமிழ் வேறில்லை. உடன்பிறந்த வல்லிசையோ இலக்கண வகுப்பிலேயே தங்கிவிட்டது. ‘லைட்’டுக்கு மெல்லிசை பொருந்துமானால், ‘ஹெவி’க்கு வல்லிசை பொருந்தாதா?

இது ஒலிப்பொருத்தம் மட்டும் அன்று. வல்லெழுத்துப் பிறக்கும் முறையைப் பாருங்கள். மூச்சை நாவாலோ இதழாலோ முழுவதும் அடைத்து, பிறகு வெடித்து விடுகிறோம். ஹெவி மெட்டல் கிட்டார் கலைஞர் செய்வதும் அதுதான். தந்தியை மீட்டும் கையின் உள்ளங்கை ஓரத்தைத் தந்திமேல் வைத்து ஒலியை அடைப்பார். வெட்டி வெட்டி விடுவார். அந்த ‘தக் தக்’ ஓசை, நரம்பில் பிறக்கும் வல்லெழுத்து. தொல்காப்பியர் சொன்னதை இதற்கு நீட்டும்போது சொல்லின் உயிர் கெடவில்லை என்று உறுதியாக நம்புகிறேன். பறைக்கும் உறுமிக்கும் அல்லவா இந்தப் பெயர் உரியது என்று ஒரு நண்பர் வாதிட்டார். அந்தக் கருவிகளுக்குத் தத்தம் பெயரில் பெருமை உண்டு. ஒரு பொதுச்சொல் அதைக் குறைக்காது.

அடுத்தது ‘கம்பேக்’. நாளிதழ்கள் ‘ரீஎன்ட்ரி’ என்று அச்சிடுகின்றன. முன்பு ‘மறுபிரவேசம்’ என்று எழுதின. இரண்டும் நடிகர் மறுபடி படத்தில் தோன்றுவதற்குப் போதும். கம்பேக் என்பதில் இன்னும் இரண்டு செய்திகள் அடங்கியிருக்கின்றன: நடுவே நீண்ட இல்லாமை, திரும்பியபின் இழந்த இடத்தை எட்டிப் பிடித்தல். ‘இரண்டாம் வருகை’ கிறித்தவர்களுக்கு இறைவனின் வருகை; அதைத் தொடக் கூடாது. நான் பரிந்துரைப்பது ‘மீள்வரவு’. மீளுதல் என்றால் திரும்புதல். ஆபத்திலிருந்து தப்புதலும் அதுவே. அடகு வைத்த கொலுசை மீட்கிறோம். வீணையை மீட்டுகிறோம். மீட்பதும் மீட்டுவதும் தனித்தனி வினைகள்தாம். என்றாலும் ஒரு கிட்டார் குழுவின் திரும்புதலைச் சொல்லும் இடத்தில் இரண்டும் ஒருங்கே ஒலிப்பது தமிழ் தரும் கொடை. ‘வரவு’ என்பதில் நல்வரவும் இருக்கிறது, கணக்கேட்டின் வரவும் இருக்கிறது.

பிளாக் சபாத்தின் ‘13’ இந்தச் சொல்லுக்கு நல்ல சான்று. பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் அந்தக் குழுவோடு முன்பு செய்த கடைசித் தொகுப்பு 1978-இல் வந்தது, அடுத்தது 2013-இல். இடைவெளி 35 ஆண்டு. குழு அதற்கிடையில் வேறு பாடகர்களோடு இயங்கியது. அதன் பெயரில் முந்தைய தொகுப்பு 1995-இல் வெளிவந்தது. அந்தக் கணக்கில் 18 ஆண்டு. எதை இல்லாமை என்று கொள்கிறோம் என்பதைக் கட்டுரையில் தெளிவாகச் சொல் என்று தம்பி மகனிடம் சொன்னேன். பதிவு நடந்த காலத்தில் அயோமி நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார். மீளுதலின் இரண்டு பொருளும் அங்கே கூடின. முதல் அணியின் டிரம்ஸ் கலைஞர் பில் வார்ட் மட்டும் ஒப்பந்தக் கருத்து வேறுபாட்டால் சேரவில்லை. பிராட் வில்க் வாசித்தார். பிரிட்டனில் 1970-க்குப் பிறகு ஏறத்தாழ 43 ஆண்டு கழித்து அந்தக் குழு மறுபடி முதலிடம் பிடித்தது. அமெரிக்காவில் முதலிடம் அப்போதுதான் முதல்முறை. வார்ட் உள்பட முதல் அணியின் நால்வரும் மறுபடி ஒரே மேடையில் நின்றது 2025 ஜூலை 5 அன்று, பர்மிங்காமில். அதற்குப் பதினேழாம் நாள் ஆஸ்போர்ன் மறைந்தார்.

‘ஆல்பம்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இலத்தீனில் ‘அல்புஸ்’ என்றால் வெண்மை. ரோமானியர் பொது அறிவிப்பு எழுதிய வெள்ளைப் பலகைதான் முதல் ஆல்பம். பிறகு படம் ஒட்டும் வெற்றேடு, அதன்பின் இசைத்தட்டுகளைச் செருகி வைத்த புத்தகம், கடைசியில் பாடல்களின் தொகுதி. நம் ஊரில் ஆல்பம் என்றதும் திருமணப் புகைப்படம்தான் நினைவுக்கு வரும் என்பதால், இசைக்குத் ‘தொகுப்பு’ என்பதே தெளிவு. எட்டுத்தொகை தந்த மொழிக்கு அது புதிதும் அன்று.

அவன் வரியைத் திருத்திக் கொடுத்தேன்: “மூத்த வல்லிசைக் குழுவின் மீள்வரவுத் தொகுப்பு 13.” படித்துப் பார்த்தான். மறுத்துப் பேசவில்லை. ஏற்காட்டில் அன்று மாலை மழை பிடித்திருந்தது. தொகுப்பின் கடைசிப் பாட்டை எனக்குப் போட்டுக் காட்டினான். கிட்டார் ஓய்ந்ததும் மழை ஒலி, இடி, தொலைவில் ஒரு மணி. 1970-இல் வந்த முதல் தொகுப்பின் முதல் பாட்டு அதே மழையிலும் இடியிலும் மணியிலும்தான் தொடங்குகிறது என்றான். அந்தச் செய்தியைக் கட்டுரையில் எழுதாமல் விட்டிருந்தான். ‘மீள்வரவு’ என்ற சொல்லுக்குக் கீழே அதையும் சேர்க்கச் சொன்னேன்.