கூடு கட்டிய மரத்தை வெட்டலாமா?

போன மாசியில் பக்கத்து வளவு அண்ணாச்சி, மரம் வெட்டுகிற ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். அவர் வீட்டுப் புளியமரத்தில் மடையானும் நீர்க்காகமும் கூடு கட்டியிருந்தன. எண்ணினால் முப்பதுக்குக் குறையாது. அடியில் நிறுத்திய பைக்கின் சீட்டு எந்த நிறம் என்றே தெரியாத அளவுக்கு எச்சம். குஞ்சுகள் கக்கிய அரைகுறை மீன் தார்சா வரை நாறியது. “எம் மரம், எம் வீடு. வெட்டுனா யாரு கேக்கப் போறா?” என்றார்.

கேட்க ஆள் உண்டு. அவர் படுகிற பாடு பொய்யில்லை. ஆனால் அன்றைக்கு அரிவாள் விழுந்திருந்தால் அது வேட்டை வழக்காகியிருக்கும்.

வேட்டை என்றதும் நமக்குத் துப்பாக்கியும் கண்ணியும்தான் ஞாபகம் வரும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அந்தச் சொல்லுக்குக் கொடுத்திருக்கிற பொருள் இதைவிடப் பெரியது. கொல்வது, விஷம் வைப்பது, பிடிப்பது, வலை விரிப்பது, விரட்டுவது எல்லாமே அதில் அடங்கும். பறவை, ஊர்வன என்றால் கூடுதலாக ஒன்று உண்டு. முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் வேட்டைதான். கூடும் முட்டையுமாக இருக்கிற கிளையை வெட்டிச் சாய்த்தால், பறவை மேல் கை வைக்காவிட்டாலும் இதற்குள் வந்துவிடுவோம். மரம் பட்டா இடத்தில் நிற்கிறதா, புறம்போக்கில் நிற்கிறதா என்று இந்த வரையறை பார்ப்பதில்லை.

இந்தச் சட்டம் உயிர்களை அட்டவணைகளாகப் பிரித்துப் பட்டியல் போட்டிருக்கிறது. எந்த அட்டவணை உயிர் என்பதுதான் தண்டனையைத் தீர்மானிக்கிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. அதன்படி முதல் அட்டவணை உயிர் என்றால் 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறை, அதோடு குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். மயில் இதில்தான் இருக்கிறது. இரண்டாம் அட்டவணை என்றால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூண்டில் வளர்க்கிற பச்சைக்கிளியும் காட்டுப் பறவைதான். பிடித்தாலும் குற்றம், வைத்திருந்தாலும் குற்றம். “காக்காவுக்கு மட்டும் சட்டம் கிடையாது” என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். பழைய ஐந்தாம் அட்டவணையில் காகத்தையும் எலியையும் தொல்லை உயிர் என்று வைத்திருந்தது உண்மை. அந்த அட்டவணையே இப்போது இல்லை. ஒரு பகுதிக்கு, இத்தனை காலத்துக்கு என்று மத்திய அரசு தனியாக அறிவித்தால்தான் ஓர் உயிரைத் தொல்லை உயிராகக் கணக்கில் எடுக்க முடியும்.

சரி, தொல்லை தாங்கவில்லை என்றால் அனுமதி கேட்க முடியாதா? அதே சட்டத்தில் 11ஆம் பிரிவு இருக்கிறது. இரண்டாம் அட்டவணை உயிர் ஒன்று மனித உயிருக்கோ, நிற்கிற பயிர் உள்ளிட்ட சொத்துக்கோ ஆபத்தாகிவிட்டால், தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ காரணத்தைக் குறிப்பிட்டு எழுத்தில் அனுமதி தரலாம். வாய்ச்சொல் செல்லாது. எச்சமும் நாற்றமும் விடியற்காலைச் சத்தமும் எரிச்சல்தான், ஆனால் இந்தப் பிரிவு பேசுகிற ஆபத்து அதுவல்ல. மயில் விஷயம் இன்னும் கெடுபிடி. முதல் அட்டவணை உயிர்களுக்குப் பயிர்ச் சேதம் ஒரு காரணமே ஆகாது. நிலக்கடலையை மயில் கிளறிப்போட்ட வயிற்றெரிச்சலில் தானியத்தில் விஷம் கலப்பவர் 3 ஆண்டுச் சிறைக்குத் தானே வழி செய்துகொள்கிறார்.

மரமே விழுகிற நிலையில் இருந்தால் அதற்கு வழி வேறு. இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவுப்படி (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133), விழுந்து ஆளைக் காயப்படுத்தக்கூடிய மரத்தை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ நிர்வாக நடுவர் உத்தரவிடலாம். நம் திருநெல்வேலிப் பக்கம் கோட்டாட்சியர் அலுவலகத்திலோ, சேரன்மகாதேவி வட்டாரமென்றால் சப் கலெக்டர் அலுவலகத்திலோ மனுக் கொடுக்க வேண்டும். மரத்தில் கூடு இருப்பதை மனுவில் மறைக்காமல் எழுதுங்கள், வனத்துறைக்கும் ஒரு பிரதி கொடுங்கள். குஞ்சுகளை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

கூடு கட்டிய மரத்தோடு வாழ்வது நம் ஊருக்குப் புதிதில்லை. நாங்குநேரி பக்கம் கூந்தன்குளத்தில் வீட்டு முற்றத்து மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டும். பறவை மிரளும் என்று அங்கே வெடி போடமாட்டார்கள். எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரமாகப் போகும். 1994இல் அது சரணாலயமானது, பிறகு உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. தாமிரபரணிக் கரையில் இருக்கும் திருப்புடைமருதூரின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். ஊர் மரங்களில் தங்கும் பறவைகளைக் காக்க வேண்டும் என்று ஊர்க்காரர்களே முன்வந்தார்கள். 2005 பிப்ரவரியில் அந்த இடம் பறவைகள் காப்பகமாக (கன்சர்வேஷன் ரிசர்வ்) அறிவிக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இந்த வகைக் காப்பகத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டானபின் நாட்டிலேயே முதலில் வந்தது இதுதான்.

உங்கள் மரத்துக்கு வருவோம். இங்கே நாரை, கொக்கு வகைகள் பெரும்பாலும் மார்கழி வாக்கில் கூடு கட்டத் தொடங்கி, ஆனி, ஆடிக்குள் குஞ்சு பறந்து கிளம்பிவிடும். கிளை கழிக்க ஆவணியும் புரட்டாசியும் தோதான காலம். அடைமழைக்கு முன்னால் கழிப்பது கூரைக்கும் நல்லது. அப்போதும் ஏறுவதற்கு முன்னால் கீழே நின்று கால் மணி நேரம் மேலே பாருங்கள். காகம், கிளி, மைனாவெல்லாம் நாரையின் கணக்குப்படி நடப்பதில்லை. ஒரு பறவை வாயில் இரையோடு அதே கிளைக்குத் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே குஞ்சு இருக்கிறது. அரிவாளைக் கீழே வையுங்கள்.

அதுவரை மரத்தடியில் பழைய தார்ப்பாய் ஒன்றைக் கட்டிவிட்டால் பாதித் தொல்லை தீரும். எச்சத்தைக் காயவிட்டுப் பெருக்கினால் தூள் மூக்கில் ஏறும், தண்ணீர் தெளித்து அள்ளுங்கள். கொய்யாவுக்கு வலை போடுகிறவர்கள் அதைத் தொளதொளவென்று விடாமல் இழுத்துக் கட்ட வேண்டும், தினமும் போய்ப் பார்க்கவும் வேண்டும். கால் சிக்கி வெயிலில் தொங்கிச் செத்த கிளியை நான் பார்த்திருக்கிறேன்.

விழுந்த குஞ்சைப் பற்றியும் கேட்பார்கள். எடுத்துக் காப்பாற்றலாம், ஆனால் வளர்க்க முடியாது. காட்டு உயிர் அரசின் சொத்து என்கிறது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவு. கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ சொல்லிவிட வேண்டும். அண்ணாச்சி வீட்டில் அந்தப் பங்குனியில் இரண்டு குஞ்சு விழுந்தது. வனச்சரக அலுவலகத்துக்கு அவரே போன் செய்தார், அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பினார். ஆவணியில் தார்சாவுக்கு மேலே நீண்டிருந்த மூன்று கிளையை மட்டும் கழித்தார்.