இடம் மாறித் தங்கிய கரு: ஸ்கேன் பார்த்துப் போடும் ஊசி

கரு, கருப்பைக்குள் வழக்கமான இடத்தில் பதியாமல் இடம் மாறித் தங்கியிருக்கிறது என்று தெரிந்ததும் மருத்துவருக்கு முதலில் தேவைப்படும் விவரம், அது சரியாக எங்கே இருக்கிறது என்பதுதான். ஊசியா, கத்தியா, இரத்தக் குழாய் வழியாகப் போகும் கதீட்டர் என்ற மெல்லிய குழாயா என்பதைப் பெரும்பாலும் அந்த இடம்தான் முடிவு செய்கிறது.

நூறு கர்ப்பங்களில் ஒன்றோ இரண்டோ இப்படி ஆகின்றன. அவற்றில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் கருக்குழாயில் தங்குபவை. அந்தக் குழாய் குழந்தையைச் சுமக்கும் அளவுக்கு விரியாது. கரு வளர வளர அது கிழிந்து, வயிற்றுக்குள் இரத்தம் கொட்டும். அதை எடுத்துக் கருப்பைக்குள் வைக்கவும் வழியில்லை. வெடித்த குழாயை அறுவை செய்து அகற்றி உயிரைக் காக்கலாம் என்று 1883-இல் லாசன் டெயிட் என்ற அறுவை மருத்துவர் காட்டினார். இன்று அதே வேலை வயிற்றில் சில சிறு துளைகள் போட்டு, லேப்ராஸ்கோபியில் முடிந்துவிடுகிறது. குழாய் வெடிப்பதற்கு முன்பே கண்டுபிடித்து, எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனின் அளவும் குறைவாக இருந்தால், தசையில் போடும் மெத்தோட்ரெக்ஸேட் ஊசியே பலருக்குப் போதும்.

மெத்தோட்ரெக்ஸேட், செல்கள் ஃபோலிக் அமிலத்தைப் பயன்படுத்தவிடாமல் தடுக்கும் மருந்து. ஃபோலிக் அமிலம் கிடைக்காத செல்லால் புது டி.என்.ஏ. உருவாக்க முடியாது, அதனால் பெருகவும் முடியாது. கருவைச் சுற்றி நஞ்சுக்கொடியாக வளரும் திசு அசுர வேகத்தில் பெருகுவது என்பதால் முதல் அடி அதற்குத்தான் விழும். சிகிச்சை நடக்கும்போது ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்தச் சொல்வதும் இதனால்தான்.

சரி, குழாய்க்கு இவ்வளவு வழி இருக்கும்போது ஸ்கேன் பார்த்துக் கருவுக்கே ஊசி போடுவது எதற்கு? மீதமுள்ள அந்தச் சிறு பங்குக்காக. கருப்பை வாயில் தங்கும் கரு, பழைய சிசேரியன் தழும்பில் பதியும் கரு, குழாய் கருப்பைச் சுவரைத் துளைத்து நுழையும் மூலையில் சிக்கும் கரு ஆகியவை அதில் வரும். கறாராகச் சொன்னால் முதல் இரண்டும் கருப்பையைச் சேர்ந்த இடங்களே. ஆனாலும் ஆபத்து ஒரே மாதிரி என்பதால் சேர்த்தே பேசுகிறார்கள்.

இந்த இடங்களில் கத்தி வைக்க மருத்துவர்கள் தயங்குவதற்குக் காரணம் இரத்தப்போக்கு. பிரசவம் முடிந்து நஞ்சுக்கொடி பிரிந்ததும் கருப்பையின் தடித்த தசை இறுகி, திறந்து கிடக்கும் இரத்தக் குழாய்களை நெரித்து அடைத்துவிடும். கருப்பை வாயில் அந்தத் தசை மிகக் குறைவு, பெரும்பகுதி நார்த்திசு. தழும்பிலோ சுவரே மெலிந்துபோய், மறுபக்கம் சிறுநீர்ப்பை ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே பதிந்ததைக் கண்ணால் பார்க்காமல் சுரண்டி எடுத்தால் இரத்தத்தை நிறுத்த முடியாமல் போகலாம். கடைசியில் கருப்பையையே எடுக்க நேர்ந்த பெண்கள் உண்டு. மூலையில் சிக்கிய கருவுக்குச் சுற்றிலும் தசை இருப்பதால் அது கூடுதல் நாள் தாக்குப்பிடிக்கும். வெடித்தால் சேதமும் பெரிது.

ஆகவே, கருவை அங்கேயே செயலிழக்கச் செய்துவிட்டு, உடல் அதை மெல்லக் கரைத்துக்கொள்ள விடுவது என்ற யோசனை வந்தது. யோனி வழியாக வைக்கும் ஸ்கேன் கருவியின் பக்கவாட்டில் ஊசி செல்வதற்கான தடம் ஒன்றைப் பொருத்துவார்கள். ஊசி எந்தக் கோட்டில் போகும் என்பது திரையில் புள்ளிக்கோடாகத் தெரியும். சோதனைக் குழாய்க் கருத்தரிப்புக்காகக் கருமுட்டை எடுப்பதும் இதே முறைதான். அதில் கைதேர்ந்தவருக்கு இது புதிய வித்தை அல்ல. இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் மூலம் பெரிய இரத்தக் குழாய்களைப் பார்த்து விலக்கி, மெல்லிய ஊசியை நேரே இடம் மாறிய அந்தக் கருவின் பைக்குள் செலுத்தி, உள்ளே இருக்கும் நீரை உறிஞ்சிவிட்டு மெத்தோட்ரெக்ஸேட்டைச் செலுத்துகிறார்கள். இதயத் துடிப்பு தெரிந்தால் முதலில் பொட்டாசியம் குளோரைடு செலுத்தித் துடிப்பை நிறுத்துவார்கள். மூலையில் உள்ள கருவுக்கு ஊசி மெலிந்த வெளிப்பக்கமாகப் போகாமல் தடித்த தசையைத் துளைத்துக்கொண்டு போகும். ஊசியை உருவியதும் தசை சுருங்கித் துளையை அடைத்துக்கொள்ளும் என்பது கணக்கு.

1987-இல் ஃபைக்டிங்கர், கெமெட்டர் என்ற இருவர் இப்படி ஊசி போட்டதைப் பதிவு செய்தார்கள். கருக்குழாய்க்கு இம்முறை பெரிதாகப் பரவவில்லை. தசையில் போடும் ஊசிக்கு இவ்வளவு கைத்திறன் வேண்டாம், பிறகு எதற்கு இந்தச் சிரமம்? சிக்கலான இடங்களில்தான் இதன் அருமை தெரியும். இன்னொரு சூழலும் உண்டு: ஒரு கரு கருப்பையில் நல்லபடியாக வளர, கூடவே இன்னொன்று வெளியே தங்கிவிடுவது. கருத்தரிப்புச் சிகிச்சை பெற்றவர்களிடம் இது கூடுதல். அங்கே மெத்தோட்ரெக்ஸேட் நல்ல கருவையும் கெடுக்கும் என்பதால் பொட்டாசியம் குளோரைடு மட்டும்தான்.

இரத்தப்போக்கு அச்சம் மிகுந்தால், எக்ஸ்ரே பார்த்துச் செய்யும் முறையைச் சேர்த்துக்கொள்வார்கள். தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய கதீட்டரைச் செலுத்தி, சாயம் விட்டு, திரையில் பார்த்தபடி கருப்பைக்கு இரத்தம் கொண்டுவரும் இடது, வலது தமனிகளை அடைகிறார்கள். அங்கே ஜெலட்டின் பஞ்சுத் துணுக்குகளைச் செலுத்தினால் ஓட்டம் அடைபடும். சில வாரங்களில் துணுக்குகள் கரைந்து வழி மீண்டும் திறக்கும். அடைபட்டிருக்கும் இடைவெளியில் ஸ்கேன் பார்த்தபடி கருவை உறிஞ்சி எடுத்துவிடலாம். இதில் வலியும் காய்ச்சலும் வரக்கூடும், கதிர்வீச்சும் உண்டு; கருப்பை உட்சவ்வுக்கும் சூலகத்துக்கும் இரத்தம் குறைந்து பாதிப்பு வரலாம். இன்னும் பிள்ளை வேண்டும் என்பவருக்கு எடுத்த எடுப்பில் இதைச் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. தழும்பில் பதிந்த கருவுக்கு 2016-இல் டிமோர்-டிரிட்ச் என்ற மருத்துவரின் குழுவினர் எளிய வழி ஒன்றை வெளியிட்டார்கள்: இரட்டைப் பலூன் கதீட்டர். மேல் பலூன் கருப்பைக்குள் நங்கூரம்போல் நிற்க, கீழ்ப் பலூன் அந்தக் கருவின் பையை அழுத்தித் துடிப்பை நிறுத்துகிறது, இரத்தமும் கட்டுப்படுகிறது.

இவை எல்லாம் நிலைமை நிதானமாக இருக்கும் பெண்ணுக்கு. மயக்கம், தோள்பட்டை வலி, கடும் வயிற்று வலி, விழுந்துகொண்டே போகும் இரத்த அழுத்தம் என்று வந்தால் நேரே அறுவை அரங்குதான்.

ஊசி போட்ட பிறகு பொறுமை வேண்டும். தசையில் போட்டவர்களுக்கு நான்காம் நாள் எச்.சி.ஜி. ஏறியிருந்தால்கூடப் பயப்பட வேண்டாம். நான்காம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் 15 சதவீதமாவது இறங்கியிருக்கிறதா என்பதே அளவுகோல். எந்த வழியில் போட்டாலும் ஹார்மோன் மறையும்வரை இரத்தப் பரிசோதனை தொடரும். ஸ்கேனில் அந்தக் கட்டி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் தெரியும். ஆரம்பத்தில் கொஞ்சம் பெருத்தும் காட்டலாம். ஹார்மோன் இறங்கிக்கொண்டிருந்தால் அந்தப் படத்தை வைத்து மட்டும் சிகிச்சை தோற்றுவிட்டது என்று சொல்ல முடியாது. மெத்தோட்ரெக்ஸேட் போட்டவர்களை அடுத்த கர்ப்பத்தைக் குறைந்தது மூன்று மாதம் தள்ளிப்போடச் சொல்வார்கள். அப்புறம் கருவுற்றால், சில வாரங்களிலேயே ஸ்கேன் எடுத்து இம்முறை கரு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். ஒருமுறை இடம் மாறியவர்களுக்கு மறுபடி மாறும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.