கை மட்டும் அவளுடையது

தாராவி 90 அடி ரோட்டுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். 18 வருஷமாக மும்பையில் போட்டோ ரீடச்சிங் செய்கிறேன். பத்திரிகை அட்டை, நகைக்கடை விளம்பரம், கல்யாண ஆல்பம் எல்லாம் வரும். கேமராவில் விழுந்த முகத்தை அச்சுக்குப் போகிற முகமாக ஆக்குவதுதான் என் பிழைப்பு.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஃபேஷன் பத்திரிகையின் அட்டைக்காக ஒரு தமிழ்ப் பெண்ணின் படம் என் மேஜைக்கு வந்தது. பூர்வீகம் திருநெல்வேலி, வீடு சயானில். நல்ல கறுப்பு. நாடியில் கை வைத்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆர்ட் டைரக்டர் சொன்னது, "ஸ்கின் தோடா சாஃப் கரோ" (தோலைக் கொஞ்சம் சுத்தம் பண்ணு), அவ்வளவுதான். எல்லாருக்கும் செய்வதையே அவளுக்கும் செய்து அனுப்பினேன்.

இதழ் வெளிவந்த பிறகு ஒரு பிரதியோடு ஸ்டுடியோவுக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. அட்டையை மேஜையில் விரித்து, நாடியில் இருந்த விரல்களைத் தொட்டுக் காட்டினாள். "அண்ணே, கை மட்டும்தான் என்னோடதா இருக்கு. மூஞ்சி யாரோடதுன்னு அம்மா கேக்காங்க."

முகத்தையும் கழுத்தையும் தனியே பிரித்து வெளுப்பாக்கியிருந்தேன். அவசரத்தில் கையை விட்டுவிட்டேன். அந்தக் கை இல்லாவிட்டால் நான் என்ன செய்தேன் என்பது எனக்கே தெரிந்திருக்காது.

அவளை வெள்ளையாக்கச் சொல்லி யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை. அன்றிலிருந்து என்னை அரித்துக்கொண்டிருப்பது இதுதான். பிறகு அந்தப் படம் கடந்து வந்த கைகளை ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். மேக்கப் பெட்டியில் அவள் நிறத்துக்கு ஃபவுண்டேஷன் இருக்காது. இருப்பதில் ஆக அடர்த்தியானதைப் பூசுவார்கள், அதுவே அவளைவிட இரண்டு படி வெளுப்பு. மேலே பவுடர். கறுப்புத் தோலின் அழகு அதில் விழுகிற ஒளியின் மினுக்கத்தில்தான் இருக்கிறது. பக்கவாட்டில் பெரிய, மென்மையான விளக்கு ஒன்று வைத்தால் கன்ன எலும்பும் மூக்கின் விளிம்பும் தானே எழுந்து வரும். பவுடர் அந்த மினுக்கத்தைக் கொன்றுவிடும். முகம் தட்டையாகத் தெரிய, போட்டோகிராபர் முன்னாலிருந்து இன்னும் கொஞ்சம் வெளிச்சம் அடிப்பார். கடைசியில் என்னிடம் வரும். காகிதத்தில் மை பரவும், நடுத்தர நிழல்கள் திரையில் பார்த்ததைவிடக் கறுத்து விழும், அதனால் முன்கூட்டியே வெளிச்சத்தைக் கொஞ்சம் தூக்கி வை என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். பாடம் சரிதான். ஆனால் அந்தக் கணக்கு படம் முழுவதற்கும் பொதுவானது. அந்தக் காகிதத்திலும் மையிலும் நிறம் எப்படி விழும் என்று கணினிக்குச் சொல்லும் கோப்பு, அதாவது கலர் புரொஃபைல், அதைப் பார்த்துக்கொள்ளும். முகத்தை மட்டும் தனியே தூக்கினால் அது அச்சுக்கான திருத்தம் இல்லை. ஒவ்வொருவரும் ஒரு சிட்டிகை போட்டோம். சேர்ந்து வந்தது வேறொரு பெண்.

இது மும்பையில் மட்டும் நடப்பதில்லை. ஃபிலிம் காலத்தில் பிரிண்ட் போடும் லேப்களுக்கு, ஃபிலிம் கம்பெனியான கோடாக் ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பாள். 'ஷெர்லி கார்டு' என்று பெயர். அவள் தோல் சரியாக விழுந்தால் பிரிண்ட் சரி. மற்ற நிறத் தோல் எப்படி விழுகிறது என்று பார்க்க அந்த அட்டையில் வழியே இல்லை. ஃபிலிமில் பழுப்பு நிறங்கள் சரியாக வருவதில்லை என்று சாக்லேட், மரச்சாமான் கம்பெனிகள் புகார் சொன்னது கோடாக்கைத் திருத்தத் தூண்டிய காரணங்களில் ஒன்று. இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பல நிறப் பெண்கள் சேர்ந்து நிற்கும் கார்டு வந்தது 1990-களில்தான்.

2010 அக்டோபரில் அமெரிக்க 'எல்' ஃபேஷன் பத்திரிகை தன் 25-வது ஆண்டுக்காக நான்கு அட்டைகள் போட்டது. ஒன்றில் கறுப்பின நடிகை கபூரே சிடிபே. அவர் நிறம் வெளுத்திருக்கிறதே என்று பெரிய சர்ச்சை எழுந்தது. வழக்கத்துக்கு மாறாக எதுவும் செய்யவில்லை, மற்ற அட்டைகளுக்குச் செய்த அளவுதான் இதற்கும் என்றது பத்திரிகை. அந்தப் படத்துக்கு உள்ளே என்ன நடந்தது என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் வழக்கம் என்ற அந்தச் சொல்லில்தான் எனக்குப் பயம். என் மேஜையில் வெளுப்பாக்கியதும் வழக்கம்தானே!

அட்டை வரை வருவதே கறுப்பினப் பெண்களுக்கு எவ்வளவு காலம் பிடித்தது! பிரிட்டிஷ் 'வோக்' ஃபேஷன் பத்திரிகையின் அட்டையில் முதல் கறுப்பினப் பெண் டோனியேல் லூனா, 1966 மார்ச்சில். அந்தப் படத்தில் அவர் விரல்கள் ஒரு கண்ணைச் சுற்றி விரிந்திருக்கும், மூக்கும் வாயும் கைக்குப் பின்னால் மறைந்திருக்கும். அமெரிக்க 'வோக்' அட்டைக்கு பெவர்லி ஜான்சன் வந்தது 1974 ஆகஸ்டில். 1892-ல் தொடங்கிய அதே பத்திரிகையின் அட்டைப்படத்தை ஒரு கறுப்பினப் போட்டோகிராபர் எடுக்க 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டைலர் மிட்செல் என்பவர் பாடகி பியான்சேயை எடுத்தார். நம் ஊர்க் கதைக்கு வந்தால், 2007-ல் 'வோக் இந்தியா'வின் முதல் இதழ் அட்டையில் பிபாஷா பாசுவும் பிரியங்கா சோப்ராவும் இரண்டு பக்கம் நிற்க, நடுவில் ஆஸ்திரேலிய மாடல் ஜெம்மா வார்டு. இந்தியாவுக்கென்று வந்த பத்திரிகையின் முதல் அட்டை அது.

சட்டமும் துறை விதிகளும் இதை இன்னும் சரியாகத் தொடவில்லை. கறுப்பு நிறத்தைத் தாழ்வாகக் காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2014-ல் விதி வகுத்தது. அது விளம்பரங்களுக்கு. அட்டைப்படம் விளம்பரக் கணக்கில் வராது. உடம்பை ஒல்லியாகவோ பருமனாகவோ மாற்றிய விளம்பரப் படத்தில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று பிரான்ஸ் 2017-ல் கட்டாயமாக்கியது. தோல் நிறம் அதிலும் இல்லை.

சரி, நம் வீடுகளுக்கு வருகிறேன். மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் ஜாதகத்தோடு கொடுக்க போட்டோ எடுக்க வருவார்கள். பணம் கொடுக்கும்போது அம்மா குரலைத் தாழ்த்துவார்: "தம்பி, கொஞ்சம் செவப்பாக்கிக் குடுத்துருங்க." பெண் பக்கத்திலேயே நிற்பாள். 'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா' என்று நாம் பாராட்டாகவே சொல்கிறோம். அந்த 'இருந்தாலும்' அவள் காதில் எப்படி விழும் என்று நினைத்துப் பார்த்திருக்கிறோமா? வெளுப்பாக்கிய படத்தை நம்பி மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள். போட்டோவையும் அவளையும் மாறி மாறிப் பார்க்கும் அந்தப் பார்வையை வாங்கப்போவது அவள்தான், நான் அல்ல. இப்போதெல்லாம் நிறத்தை மாற்றித் தர மாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். சிலர் வேறு ஸ்டுடியோவுக்குப் போகிறார்கள், போகட்டும்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. ஒரு அட்டையைப் பார்க்கும்போது காதையும் விரல் முட்டியையும் முகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவசரக்காரன் அங்கேதான் மாட்டுவான். வீட்டுப் பிள்ளை மாடலிங் போகிறாள் என்றால் தோல் நிறத்தை மாற்றக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். அவள் நிறத்துக்கான ஃபவுண்டேஷனை அவளே பையில் கொண்டு போகட்டும். கல்யாண ஆல்பம் என்றால் திருத்தாத மூலப் படங்களையும் கேட்டு வாங்குங்கள், தர மறுத்தால் ஏன் என்று கேளுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையிலுள்ள போனில் பியூட்டி ஃபில்டர் தானாகவே ஓடுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பல போன்களில் அது வாங்கும்போதே ஆன் செய்யப்பட்டிருக்கும்.

அந்தப் பெண்ணிடம் அனுமதி கேட்டு, அவள் கை மட்டும் தெரியும்படி மூலப் படத்தை வெட்டி ஒரு பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். என் மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. அச்சுக்கு முன் புரூஃப், அதாவது மாதிரிப் பிரதி, வந்ததும் அதோடு சேர்த்துப் பிடித்துப் பார்க்கிறேன். நேற்றுகூட ஒரு நகை விளம்பரத்தை அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பினேன்.