பத்து பாக்ஸா, பத்து கார்ட்டனா? மருத்துவப் பொருள் கொள்முதலில் தவறு நுழையும் இடங்கள்

ஆன்லைன் கேட்லாக்கில் கையுறையைத் தேடி எடுத்த செவிலியர், எண்ணிக்கைக் கட்டத்தில் 10 என்று அடிக்கிறார். அவர் நினைப்பது 100 கையுறை கொண்ட பாக்ஸ். கேட்லாக்கில் பதிவாகியிருப்பதோ கார்ட்டன். ஒன்றில் 10 பாக்ஸ். ஆயிரம் கையுறை கேட்ட வார்டுக்குப் பத்தாயிரம் வந்து இறங்கும். இதே குழப்பம் தலைகீழாக நடந்தால் இன்னும் மோசம்: பத்து பாக்ஸ் வரும் என்று காத்திருந்த இடத்துக்குப் பத்தே பத்து கதீட்டர் (உடலுக்குள் செருகும் மெல்லிய குழாய்) வந்து சேரும்.

"அதற்குத்தானே ஒப்புதல் இருக்கிறது" என்று சொல்லத் தோன்றும். ஒப்புதல் தருபவர் கண்ணில் முதலில் படுவது மொத்தத் தொகை. மலிவான பொருளில் பத்து மடங்கு பிசகினாலும் தொகை வரம்புக்குள்ளேயே அடங்கிவிடும், அவரும் அழுத்திவிடுவார். அதனால் மூன்றாவது ஒப்புதல், நான்காவது ஒப்புதல் என்று அடுக்குவதால் பெரிய பயன் இல்லை. கேட்லாக்கின் ஒவ்வொரு பொருள் பதிவையும் சரிசெய்வதுதான் முதல் வேலை.

ஒவ்வொரு பதிவிலும் வாங்கும் அலகு, ஸ்டோரில் இருப்பு வைக்கும் அலகு, வார்டுக்குக் கொடுக்கும் அலகு மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஓர் அலகில் அடுத்த அலகு எத்தனை என்று சொல்லும் மாற்று எண்ணும் இடையே வேண்டும். 10 என்று அடித்ததும் கட்டத்துக்குக் கீழேயே "10 கார்ட்டன் = 100 பாக்ஸ் = 10,000 கையுறை" என்று திரையில் வரட்டும். இந்த ஒரு வரி தடுக்கும் தவறுகளை எந்தப் பயிற்சி வகுப்பும் தடுக்காது. பார்கோடில் பொருளை அடையாளம் காட்டும் ஜிடிஐஎன் (GTIN) எண்ணும் பாக்ஸுக்கு ஒன்று, கார்ட்டனுக்கு வேறு ஒன்று. இரண்டுக்கும் ஒரே எண்ணைப் பதிந்து வைத்தால், சரக்கு இறங்கும்போது ஸ்கேனர் கார்ட்டனைப் பாக்ஸாக எண்ணும்.

மாற்று எண்ணும் நிலையானது அல்ல. பெரிய அளவுக் கையுறைகள் சில பாக்ஸ்களில் 90தான் இருக்கும். தயாரிப்பாளர் பேக்கிங்கை மாற்றினால் பழைய பதிவிலேயே 100ஐ அழித்து 90 என்று எழுதக் கூடாது. பழைய ஆர்டர், பழைய இருப்பு எல்லாமே கணக்கில் புரண்டுவிடும். புதுப் பதிவைத் திறந்து, நிலுவை ஆர்டர்கள் முடிந்ததும் பழையதை மூட வேண்டும்.

அடுத்தது பெயர். "பச்சை" என்று தேடினால் என்ன வரும்? ஊசி போடும் நீடிலில் பச்சை 21 கேஜ் (கேஜ் என்பது ஊசியின் தடிமனைக் குறிக்கும் எண்). மருந்து ஏற்ற ரத்தநாளத்தில் செருகும் ஐவி கேனுலாவில் பச்சை 18 கேஜ். நீடிலில் 18 கேஜின் நிறம் பிங்க். கேனுலாவில் பிங்க் என்றால் 20 கேஜ். வார்டில் நிறம் சொல்லிக் கேட்பதை மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். தேடல் முடிவில் பொருள் வகை, கேஜ், நீளம், படம் நான்கும் தெரிந்தால் போதும். கேஜ் எண் கூடக்கூட ஊசி மெலியும்; கதீட்டரின் பிரெஞ்சு எண்ணோ கூடக்கூடத் தடிக்கும் (3 பிரெஞ்சு என்றால் 1 மில்லிமீட்டர் வெளிவிட்டம்). இரண்டையும் ஒரே "அளவு" கட்டத்தில் போடுவது வம்பை விலைக்கு வாங்குவது.

மாற்றுப் பொருளில்தான் சப்ளையர்கள் அதிகம் நழுவுவார்கள். திருகிப் பூட்டும் லூயர் லாக் சிரிஞ்ச் இல்லையென்று செருகும் வகையான லூயர் ஸ்லிப் அனுப்புவார்கள். சிரிஞ்சை மெல்ல அழுத்தி மருந்து செலுத்தும் கருவியான சிரிஞ்ச் பம்பில் அது கழன்றுகொள்ளலாம். இரண்டும் லூயர் லாக் என்றாலும், பிராண்டுக்குப் பிராண்டு சிரிஞ்ச் குழாயின் உள்விட்டம் வேறு. பம்பில் அந்த பிராண்டைத் தேர்ந்தெடுக்காவிட்டால் மருந்து ஓடும் வேகம் பிசகும். அதனால் மாற்றுப் பட்டியலை மருத்துவக் குழு முடிவு செய்யட்டும், அதுவும் ஒருவழியாக: இதற்குப் பதில் அது சரி என்பதால் அதற்குப் பதில் இதுவும் சரி என்று ஆகாது. பட்டியலில் இல்லாத பொருள் வந்தால் வாசலிலேயே நிறுத்துங்கள்.

தொகை வரம்பை ஏமாற்ற எளிய வழி, ஒரே ஆர்டரை இரண்டாக உடைப்பது. ஒரே துறை, ஒரே சப்ளையர், 7 நாள் என்று மொத்தம் கூட்டிப் பார்க்கும் விதி இருந்தால் அது உடனே வெளிப்படும். கேட்டவரே ஒப்புதல் தர முடியாதபடி பூட்டுங்கள். விடுப்பில் போகிறவர் தன் ஒப்புதல் அதிகாரத்தை யாரிடம் ஒப்படைக்கிறாரோ அவருக்கும் இது பொருந்தும். பலர் மறப்பது இதைத்தான்.

எச்சரிக்கைகளை வாரி இறைக்காதீர்கள். எதற்கெடுத்தாலும் சிவப்புப் பெட்டி வந்தால் யாரும் படிக்காமல் "சரி" அழுத்தப் பழகிவிடுவார்கள். கடந்த 3 மாதச் சராசரியைப் போல 3 மடங்குக்கு மேல் போனால் மட்டும் நிறுத்திக் காரணம் கேட்கலாம். அவசரத் தேவைக்குத் தனி வழி வேண்டும்: உடனே போகட்டும், அடுத்த வேலைநாளில் வேறொருவர் பார்க்கட்டும். அந்த வழி இல்லையென்றால் ஆர்டர் போனிலும் வாட்ஸ்அப்பிலும் போய்விடும். கேட்லாக் வெறும் அலங்காரம்.

ஆர்டர், சரக்கு வரவு, பில் மூன்றையும் ஒப்பிடும்போது விலைக்குச் சிறு சதவீத வித்தியாசம் விடலாம். அதோடு தொகையிலும் ஓர் உச்சவரம்பு வையுங்கள், பெரிய பில்லில் 2 சதவீதம் சின்னத் தொகை அல்ல. ஒப்பந்த விலையின் காலம் முடிந்த பொருள், பட்டியல் விலைக்குச் சத்தமில்லாமல் தாவக் கூடாது. அதன் ஆர்டர் தற்காலிகமாக நிற்க வேண்டும்.

பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இல்லாமல் வரவு வைக்கவே விடாதீர்கள். திரும்பப் பெறும் அறிவிப்பு வரும் நாளில் எந்த வார்டில் எந்த பேட்ச் என்று தேட வேறு வழி இல்லை. பார்கோடில் (17) என்ற குறியீட்டை அடுத்து வரும் ஆறு இலக்கமே காலாவதி. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை. நாள் 00 என்றிருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் என்று பொருள். இதைத் தவறான தேதி என்று மென்பொருள் தள்ளிவிட்டால், ஸ்டோர்க்காரர் கையால் ஏதோ ஒரு தேதியை அடித்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார்.