மூட்டம் போட்ட வாயுவும் பீர்க்கம்பிஞ்சும்

மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “தைப்பட்டத்தில் மாடியில் பீர்க்கு போட்டேன். பங்குனியில் கொடி முழுக்க மஞ்சள் பூ. காய்தான் இல்லை. மூன்று பிஞ்சு வந்தது, அதுவும் வெம்பி விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விரல் நீட்டிக் காட்டியதால்தான் என்கிறார் மாமியார். அப்படியா?”

பிள்ளைகளை விட்டுவிடுங்கள். பீர்க்கின் பெண் பூ வரும்போதே அடியில் குட்டிப் பிஞ்சோடுதான் வரும். அது காய் இல்லை, சூலகம். மகரந்தம் வந்து சேராவிட்டால் சில நாளில் மஞ்சளாகிச் சுருங்கி விழும். என் பாட்டிக்கும் இந்த நம்பிக்கை உண்டு. பிஞ்சைக் காட்டுவதானால் விரலை மடக்கிக் காட்டச் சொல்வார். மடக்கிக் காட்டிய பிஞ்சும் அழுகியபோது, “எவனோ நீட்டியிருக்கான்” என்று வழக்கை முடித்துவிட்டார்.

சரி, அழுகியது புரிகிறது. மீதி அத்தனை பூவும் ஏன் காய்க்கவில்லை? கொத்துக் கொத்தாக, மெல்லிய காம்பில் நிற்பவை எல்லாம் ஆண் பூக்கள். பெண் பூ பெரும்பாலும் தனியாக வரும். ஒரே கொடி, ஒரே வேர், சில சமயம் ஒரே கணு. அங்கே ஆணா பெண்ணா என்று எது முடிவு செய்கிறது?

பீர்க்கின் குடும்பத்தைச் சேர்ந்த வெள்ளரியில் இதைத் துருவிப் பார்த்திருக்கிறார்கள். மொட்டு கண்ணுக்கே தெரியாத அளவில் இருக்கும்போது அதற்குள் மகரந்தத் தாளும் சூலகமும் இரண்டுமே முளைக்கத் தொடங்குகின்றன. அதாவது எல்லா மொட்டும் இருபால் மொட்டாகத்தான் ஆரம்பிக்கிறது. பிறகு ஒன்று நின்றுபோகிறது. பூசணியின் பெண் பூ ஒன்றைக் கிழித்து, உள்ளே அடிப்பக்கத்தை லென்ஸில் பாருங்கள். வளராமல் நின்றுபோன மகரந்தத் தாள்களின் மொட்டைக் குச்சிகள் தெரியும்.

மகரந்தத் தாளை நிறுத்தும் உத்தரவு ஒரு வாயு. எத்திலீன். வாழைத்தாரை மூட்டம் போடும்போது புகையில் இருந்து பழுக்க வைக்கிறதே, அதே வாயுதான். 1901-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் திமித்ரி நெல்யுபோவ் என்ற மாணவர், ஆய்வகத்தில் பட்டாணி நாற்றுகள் படுத்துக்கொண்டு வளர்வதைப் பார்த்து, விளக்கு எரிக்கும் வாயுவில் இருந்த எத்திலீன்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். செடி தானே அதைத் தயாரிக்கிறது என்பது தெரிய இன்னும் பல ஆண்டுகள் ஆயின. மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்கி, சில படிகளில் செல்லுக்குள்ளேயே செய்துகொள்கிறது. மொட்டில் சூலகம் உருவாகும் இடத்தில் எத்திலீன் ஊறினால் பக்கத்தில் மகரந்தத் தாள் நின்றுவிடும், பெண் பூ. ஊறாவிட்டால் சூலகம் நின்று ஆண் பூ. வாயு என்பதால் இதற்குக் குழாயும் வேண்டாம் நரம்பும் வேண்டாம், செல்லிலிருந்து செல்லுக்குத் தானே பரவிவிடும். இதைப் படித்த அன்று நான் மாடிக்கும் கீழுக்கும் நாலு தடவை நடந்தேன்.

எதிர்ப்பக்கம் இழுப்பது ஜிப்பரெல்லின் என்ற செடி ஹார்மோன். வெயில் ஏறுவது, பகல் நீளுவது, தழைச்சத்தை அள்ளிப் போடுவது, மூன்றுமே கொடியை ஆண் பக்கம் தள்ளும். பின்பனி என்று பெயர்தான். மதுரையில் பங்குனி மொட்டைமாடி எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். போதாததற்குக் கடலைப் பிண்ணாக்குக் கரைசலையும் வாரம் தவறாமல் ஊற்றியிருப்பீர்கள்!

விவசாயிகள் அடிக்கும் எத்ரல் மருந்தும் இதே கதைதான். புட்டியில் அமிலமாக இருக்கும்வரை சும்மா இருக்கும். இலைக்குள் போனதும் உடைந்து எத்திலீனை விடும். 10 லிட்டர் தண்ணீருக்கு 2.5 மில்லி, விதைத்து 10-15 நாளில் தொடங்கி வாரம் ஒன்றாக நான்கு முறை என்பது வழக்கமான பரிந்துரை. அவ்வளவு சின்னக் கன்றில் ஏன்? பால் முடிவாவது மொட்டு கண்ணுக்குத் தெரியும் முன்பே. பூத்துக் குலுங்கும் கொடியில் அடித்தால் இருக்கிற பூவும் உதிரும். உங்கள் கொடி அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது, வாங்காதீர்கள்.

விதை உற்பத்தி செய்பவர்கள் நேரெதிராகச் செய்கிறார்கள். பெண் பூ மட்டுமே பூக்கும் வெள்ளரி ரகங்களில் வெள்ளி நைட்ரேட் தெளிப்பார்கள். எத்திலீனைப் பிடிக்கும் ஏற்பியில் தாமிரம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளி போய் உட்கார்ந்துகொள்ள, செடிக்கு வாயு வந்ததே தெரியாமல் ஆண் பூ விடும்.

இந்தக் குடும்பம் முழுக்க இப்படித்தான் என்று நினைத்தால் தர்பூசணி கவிழ்த்துவிடுகிறது. அதில் எத்திலீன் கூடினால் பெண் பூ குறைகிறது. பீர்க்கும் புடலையும் கோவையும் எந்தப் பக்கம், எவ்வளவு? வெள்ளரிக்கும் முலாம்பழத்துக்கும் நடந்த ஆராய்ச்சியில் கால்வாசிகூட இவற்றுக்கு நடக்கவில்லை. புடலங்காய்க் கூட்டு சாப்பிடாத நாடு அதற்குப் பணம் ஒதுக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை. நாம்தான் செலவழிக்க வேண்டும். நம் ஆட்கள் கேட்டால் ‘பீர்க்கங்காய்க்கு எதுக்குங்க மரபணு’ என்று கோப்பு திரும்பி வரும்.

இனி உங்கள் கொடிக்கு வருவோம். பிண்ணாக்கை நிறுத்துங்கள், மதிய வெயிலுக்குப் பச்சை வலை கட்டுங்கள். பக்கக் கொடிகளில் பெண் பூ கூடுதலாக வரும் என்பதால் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பெண் பூ வந்தால் தேனீயை நம்பிக் காத்திருக்க வேண்டாம். பூசணி விடிகாலையில் விரியும். பீர்க்கு சாயங்காலப் பூ. வெயில் தாழ்ந்த பிறகு ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவ வேண்டும். மகரந்தம் மஞ்சள் மாவாக ஒட்டியிருந்தால் போதும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையே கூப்பிட்டுச் செய்யச் சொல்லலாம், மாமியார் கோவிலுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து.